வேலை மாறியவர்கள் பிஎஃப் எடுக்கும் முன்: ஐந்து வருடக் கணக்கு

அம்மாவுக்கு டயாலிசிஸ் தொடங்கியதும் வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிடுவது என்று முடிவு செய்தேன். அது 2023 டிசம்பர். கையில் இருந்த பெரிய தொகை என்றால் பிஎஃப் மட்டும்தான். அதை எடுத்தால் வரி பிடிப்பார்களா என்று விசாரிக்க ஆரம்பித்தபோது ஆளுக்கொரு பதில் வந்தது. அதிகம் பேர் சொன்னது, "15ஜி ஃபார்ம் போட்டுவிடு, ஒரு பைசா பிடிக்க மாட்டார்கள்" என்பதுதான்.

இந்த அறிவுரை பாதிதான் சரி. ஐந்து வருட சர்வீஸ் முடியாமல் 50,000 ரூபாயோ அதற்கு மேலோ எடுத்தால் 10 சதவீதம் டிடிஎஸ் (பணம் தரும்போதே கழிக்கும் வரி) பிடிப்பார்கள். பான் இணைக்காதவர்களுக்கு 20 சதவீதம். அப்போதிருந்த 15ஜி ஃபார்மைக் கொடுத்தால் அந்தப் பிடித்தம் நிற்கும், ஆனால் வரி போகாது. அந்த வருடம் நமக்கு மொத்த வரியே பூஜ்யம்தான் என்று கையெழுத்துப் போட்டுத் தரும் உறுதிமொழி அது. வரி கட்ட வேண்டிய நிலையில் இருப்பவர் அதைக் கொடுப்பது பொய் உறுதிமொழி. அதற்குச் சட்டத்தில் தண்டனையும் உண்டு. ஃபார்ம்தானே என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம்.

ஊரில் தெரிந்த ஆடிட்டர் ஒருவரிடம் போனேன். அவர் முதலில் கேட்டது தொகையை அல்ல, சர்வீஸை. முதல் கம்பெனியில் 2018 ஜூன் முதல் 2021 ஆகஸ்ட் வரை, அடுத்த மாதமே இரண்டாவது கம்பெனி என்றேன்.

"பழைய பிஎஃப்பை இதுல சேர்த்தாச்சா?"

"ஒரே யூஏஎன்தானே சார்?" (யூஏஎன் என்பது கம்பெனி மாறினாலும் மாறாத நம் பிஎஃப் எண்.)

"யூஏஎன் ஒண்ணுதான் தம்பி. உள்ளே மெம்பர் ஐடி ரெண்டு இருக்கும், பாருங்க."

பாஸ்புக்கைத் திறந்து பார்த்தால் அப்படியே இருந்தது. இரண்டு ஐடி, இரண்டு தனித்தனி இருப்பு. பழைய பணத்தைப் புதிய கணக்குக்கு மாற்றினால்தான் முந்தைய சர்வீஸும் ஐந்து வருடக் கணக்கில் சேரும். மாற்றாமல் எடுத்தால் ஒன்று மூன்று வருடம் சொச்சம், இன்னொன்று இரண்டரை வருடம். இரண்டுக்குமே வரி.

அந்த வரியும் வெறும் 10 சதவீதத்தோடு நிற்காது. கம்பெனி போட்ட பங்கும் அதற்கான வட்டியும் சம்பளமாகக் கணக்காகும். நம் பங்குக்கு வந்த வட்டி இதர வருமானத்தில் சேரும். நம் பங்குக்கு முன்பு 80சி பிரிவில் வரிக் கழிவு வாங்கியிருந்தால் அந்தச் சலுகையும் திரும்பப் போய்விடும். டிடிஎஸ் வெறும் முன்பணம்தான், மீதியை ரிட்டர்ன் போடும்போது நாம் கட்ட வேண்டும்.

அம்மாவின் மருத்துவத்துக்காகத்தானே எடுக்கிறேன், அதற்கு விலக்கு இல்லையா என்றும் கேட்டேன். ஐந்து வருடத்துக்கு முன்பே விலக்கு கிடைப்பது ஊழியரின் சொந்த உடல்நலக் குறைவால் வேலை போனால், அல்லது நிறுவனமே தொழிலை மூடினால், இப்படி அவர் கையை மீறிய காரணங்களுக்கு மட்டும். குடும்பத்தில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்று நாமே வேலையை விட்டால் அதில் வராது. கேட்கவே கஷ்டமாக இருந்தது, ஆனால் விதி அப்படித்தான்.

அப்போது நான் நோட்டீஸ் பீரியடில் இருந்தேன். அது நல்லதாகப் போயிற்று. மாற்றுவதற்கான விண்ணப்பத்துக்கு வேலையில் இருக்கும் கம்பெனி அல்லது பழைய கம்பெனி, யாராவது ஒருவர் அப்போது ஒப்புதல் கொடுக்க வேண்டியிருந்தது. தினமும் பார்க்கிற ஹெச்ஆரிடம் கேட்பது சுலபம். ஆனால் விண்ணப்பமே போகவில்லை. சர்வீஸ் ஹிஸ்டரியில் பழைய கம்பெனியின் வரிசையில், வேலையை விட்ட தேதி இருக்க வேண்டிய கட்டம் காலியாகக் கிடந்தது. அவர்கள் பதியவே இல்லை. மெயில் போட்டேன், பதில் இல்லை.

இதற்காக யார் காலிலும் விழ வேண்டியதில்லை. கடைசியாகப் பிஎஃப் கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் தாண்டியிருந்தால் நாமே தேதியைப் பதியலாம். பிஎஃப்பை நடத்தும் இபிஎஃப்ஓ அமைப்பின் போர்ட்டலில் 'மேனேஜ்' என்பதன் கீழே 'மார்க் எக்ஸிட்' இருக்கிறது. பழைய கம்பெனியைத் தேர்ந்தெடுத்து, தேதியும் காரணமும் கொடுத்து, ஆதார் ஓடிபி போட்டால் முடிந்தது. ஒருமுறை பதிந்தால் திருத்துவது பெரும்பாடு என்பதால் ரிலீவிங் லெட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பதிந்தேன். அப்புறம் மாற்றல் விண்ணப்பம் போனது, ஹெச்ஆர் ஒப்புதல் தந்தார், கொஞ்ச நாளில் பழைய தொகை புதிய பாஸ்புக்கில் தனி வரியாக வந்து உட்கார்ந்தது.

பிப்ரவரி கடைசியில் வேலையை விட்டேன். இந்த முறை விடும் தேதியைப் பதியச் சொல்லி ஹெச்ஆரிடம் முன்பே கேட்டு வைத்திருந்தேன். அப்போதிருந்த விதிப்படி இரண்டு மாதம் காத்திருந்து, மே மாதம் பிஎஃப்பை முழுசாக எடுக்கும் விண்ணப்பமான ஃபார்ம் 19 போட்டேன். (2025 அக்டோபரில் இபிஎஃப்ஓ வாரியம் இந்தக் காத்திருப்பை 12 மாதமாக்க முடிவு செய்தது. இப்போது எடுக்க நினைப்பவர்கள் நடப்பு விதியைப் பார்த்துவிட்டுத் திட்டமிடுங்கள்.) 15ஜி எதுவும் இணைக்கவில்லை, இரண்டு சர்வீஸும் சேர்ந்து ஐந்து வருடம் தாண்டிவிட்டதால் தேவையும் இல்லை. பென்ஷன் பணத்துக்கு ஃபார்ம் 10சி தனி. மறுபடி வேலைக்குப் போகும் எண்ணம் இருப்பதால் அதைத் தொடவில்லை.

தொகை முழுசாக வங்கிக்கு வந்தது. நம் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ்ஸிலும் பார்த்தேன், பிடித்தம் எதுவும் இல்லை. வரி இல்லாத பணம்தானே என்று ரிட்டர்னில் விட்டுவிட வேண்டாம். விலக்கு பெற்ற வருமானத்தில் காட்ட வேண்டும், நான் அப்போதிருந்த வருமான வரிச் சட்டத்தின் 10(12) பிரிவில் காட்டினேன். இரண்டு ரிலீவிங் லெட்டர்களையும் சர்வீஸ் ஹிஸ்டரி ஸ்கிரீன்ஷாட்டையும் ஒரே ஃபைலில் போட்டு வைத்திருக்கிறேன், பின்னால் நோட்டீஸ் வந்தால் ஐந்து வருடத்தைக் காட்ட வேண்டுமே. பழைய சர்வீஸ் விவரம் இருக்கும் அனெக்ஷர் கே இப்போது போர்ட்டலிலேயே உறுப்பினருக்குக் கிடைக்கிறது. மாற்றியவர்கள் அதையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.