அத்தை விற்ற வார்ப்பும் நான் வாங்கிய உருளியும்

சென்னையில் காயலான் கடை என்பதை எங்கள் ஊர்ப் பக்கம் ஆக்கர் கடை என்பார்கள். அந்தச் சொல்லை நான் வாய்விட்டுச் சொல்லி இருபது வருடமாவது இருக்கும். போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் நாகர்கோவிலில் இறங்கி, ஆட்டோக்காரரிடம் பழைய பாத்திரம் எங்கே கிடைக்கும் என்று விசாரித்தேன். "பித்தளையா, ஓடா? விக்கணுமா, வாங்கணுமா?" என்றார். ஓடு என்றால் எங்கள் பக்கம் வெண்கலம். வாங்க வேண்டும் என்றதும் திரும்பி என்னை ஒருமுறை பார்த்தார். "எல்லாரும் விக்கத்தான வருவாவ" என்று சொல்லிவிட்டு வடசேரி பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டார்.

போக வேண்டியது தக்கலை. அப்பாவின் அக்கா, என் பெரிய அத்தை, அங்கே தனியாக இருக்கிறாள். 78 வயது. கண்ணாடி போட்டால் பேப்பர் படிப்பாள், காது மட்டும் அவளுக்கு வேண்டியபோது கேட்கும். பையை இறக்கி வைத்ததுமே பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போய்விட்டு வருகிறேன் என்றேன். "திங்கக்கிழம அரண்மனைக்கு லீவு. இது தெரியாமலா ரயில் ஏறி வந்த?" என்றாள். இரண்டு கிலோமீட்டர் தூரத்தில் அரண்மனை இருக்கிற ஊரில் சிறு வயதில் ஒவ்வொரு கோடை விடுமுறையையும் கழித்தவனுக்கு இது தெரியாமல் போனது வெட்கம்தான். சரி, திங்கட்கிழமை என்றால் திங்கள்சந்தை இருக்கிறதே என்று அத்தையையும் ஏற்றிக்கொண்டு ஆட்டோவில் கிளம்பினேன்.

சந்தையில் பழைய பாத்திரம் எதுவும் இல்லை. ஆனால் ஒரு மூலையில் வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்த மண்சட்டிகளைப் பார்த்து அத்தை உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டி, காதருகே கொண்டுபோய், தள்ளி வைத்து, கடைசியில் அகலமான ஒரு மீன்சட்டியை வாங்கினாள். புளிமுளம் மீன்குழம்பு வைக்க இது போதும், ஒரு வருடம் வந்தால் லாபம் என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது: எங்கள் வீடுகளில் தினமும் அடுப்பில் இருந்தது மண்சட்டிதான். அது உடைந்து குப்பைக்குழியில் சேரும், எந்த ஆக்கர் கடைக்கும் வராது. அம்மியும் ஆட்டுரலும் எடைக்குப் போகாதவை. பாதி வீடுகளில் அம்மி கிணற்றடியில் துணி துவைக்கிற கல்லாகக் கிடக்கிறது. பழைய சாமான் என்று நாம் தேடிப் போய்ப் பார்ப்பதெல்லாம் விசேஷ நாளில் மட்டும் மச்சிலிருந்து இறங்கிய பாத்திரங்கள்.

எங்கள் வீட்டில் அப்படி இறங்கியது ஒரு வார்ப்பு. வெண்கலம். இரண்டு பக்கமும் வளையம், உள்ளே நான் சம்மணம் போட்டு உட்காரலாம், உட்கார்ந்து அடியும் வாங்கியிருக்கிறேன். சின்ன அத்தை கல்யாணத்துக்குப் பால்பாயசம் அதில்தான் கொதித்தது. ஆள்கள் பாயசத்தைக் கோரி எடுத்தபின், அடியில் சிவப்பாகப் பிடித்திருந்ததைச் சிரட்டைத் துண்டால் சுரண்டித் தின்ன நாங்கள் ஐந்து பேர் தலையை உள்ளே விட்டுக்கொண்டு கிடந்தோம். அந்த இனிப்பில் லேசாக ஒரு புகை வாடை இருக்கும். பிறகு எந்த மண்டபத்துப் பாயசத்திலும் அது இல்லை. 1984இல், எனக்கு எட்டு வயதில், அந்த வார்ப்பை நாகர்கோவிலுக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு எவர்சில்வர் குடம் இரண்டும், ஒரு தூக்குவாளியும், நாலடுக்கு டிபன் கேரியரும் வாங்கி வந்தார்கள். கொண்டுபோனது இதே பெரிய அத்தைதான். தெருவே வந்து எவர்சில்வர் குடத்தில் முகம் பார்த்துவிட்டுப் போனது.

மறுநாள் அரண்மனை. தமிழ்நாட்டுக்குள் இருந்தாலும் இது கேரள அரசின் தொல்லியல் துறைப் பொறுப்பில் இருக்கிறது. 1795இல் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போகும் வரை திருவிதாங்கூர் ராஜாக்கள் ஆண்ட இடம். மற்றவர்கள் மந்திரசாலையின் மரவேலைப்பாட்டையும் கண்ணாடி போல மினுங்கும் கறுப்புத் தரையையும் பார்ப்பார்கள். நான் நேராக ஊட்டுபுரைக்கு, அதாவது சாப்பாட்டு மண்டபத்துக்குப் போனேன். மேலும் கீழும் இரண்டு தளம், ஒரு தளத்துக்கு ஆயிரம் பேர் என்று இரண்டாயிரம் பேருக்கு ஒரே நேரத்தில் இலை போடலாம். தூண்களுக்கு நடுவே நீளமாக ஓடும் அந்த இருட்டில் நின்றபோது எனக்கு வந்தது ராஜபக்தி இல்லை, இத்தனை பேருக்குச் சமைத்த பாத்திரங்களைத் தேய்த்தது யார் என்ற கேள்வி. ஊறுகாய் போட்டு வைத்த பெரிய பரணிகளும் அங்கே இருக்கின்றன. எங்கள் பாட்டி வைத்திருந்த பரணிக்கு இவை தாத்தா முறை வேண்டும். மேலே பழுப்பு, கழுத்துக்குக் கீழே மங்கிய வெள்ளை, வாயைத் துணியால் கட்டி அதன்மேல் ஒரு கயிறு. அதைத் திறக்க வீட்டில் ஒருவருக்குத்தான் உரிமை உண்டு.

புதன்கிழமை நாகர்கோவில் கோட்டாறு போனோம். அத்தை வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். "நீ போனா கண்ணாடியக் காட்டி வைரம்னு தள்ளிருவான்" என்று சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். கம்போளச் சந்தையை ஒட்டிய சந்துகளில் சுற்றியதில் இரண்டு கடைகளில் உருப்படியாக எதுவும் கிட்டவில்லை. மூன்றாவது, கடை என்று சொல்ல முடியாது, பழைய சரக்கு அறை. முன்னால் இரும்பும் பேப்பரும், உள்ளே போனால் சுவர் வரைக்கும் பித்தளையும் ஓடும். கால் வைக்க இடமில்லை. நிலவாய், சருவம், கிண்டி, போணி, சேவை நாழி, கயிறு சுற்றிய மூங்கில் புட்டுக்குழல் ஒன்று, கைப்பிடி போன பாக்குவெட்டிகள், ஒரு கூடை நிறைய விளக்குத் தண்டுகள். களிம்பும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்த ஒரு வாடை. மழைக்காலத்தில் பாட்டி வீட்டு மச்சு இப்படித்தான் மணக்கும்.

கடைக்கார அண்ணாச்சிக்கு அறுபது வயது இருக்கும். முன்பெல்லாம் வருவது முழுக்க உருக்கத்தான் போகும் என்றார். இப்போது கடற்கரைப் பக்கம் விடுதி வைத்திருப்பவர்கள் வாயகன்ற வெண்கல உருளி கேட்டு வருகிறார்கள், வாசலில் தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்கவிட. எனக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல் வரும். எரிசேரி கிளறிய பாத்திரத்தைத் தோவாளைச் செவ்வந்திக்குக் குளமாக்கி வைப்பதைவிட அதை உருக்கிவிடலாம். அண்ணாச்சியிடம் சொன்னேன். "உருக்கினா எனக்குப் பாதி ரூவாதான் கிட்டும்" என்றார். அவருக்கு அவர் கணக்கு.

ஓடு எது, பித்தளை எது என்று கண்ணால் சொல்வது களிம்பேறிய சாமானில் கஷ்டம். அத்தை ஒரு உருளியை விளிம்பில் விரல் கொடுத்துத் தூக்கி, மறுகையின் வளையலால் தட்டினாள். கோயில் மணி மாதிரி நீண்டு அடங்கியது. செம்பும் தகரமும் சேர்ந்தது வெண்கலம், அதுதான் இப்படிப் பாடும். செம்பும் துத்தநாகமும் சேர்ந்த பித்தளை இவ்வளவு நேரம் பாடாது. அடுத்ததைத் தட்டினாள், டொக் என்றது. "கீறல் உண்டு" என்று கீழே வைத்துவிட்டாள். அண்ணாச்சி மறுக்கவில்லை. வெண்கலம் அழுத்தமானது, ஆனால் கல்தரையில் விழுந்தால் கீறிவிடும். பித்தளை நசுங்கும், தட்டி நிமிர்த்திவிடலாம்.

பாடிய உருளியின் விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாக எழுத்து தெரிந்தது. பேர் வெட்டியிருக்கிறார்கள். பாத்திரம் வாங்கியதும் சின்ன உளியும் சுத்தியலும் வைத்துக்கொண்டு கடை வாசலில் உட்கார்ந்திருப்பவரிடம் கொடுத்தால், டக் டக் டக் என்று இடைவிடாமல் அடித்து எழுதித் தருவார். கல்யாண வீட்டில் ஊர்ப் பாத்திரமெல்லாம் ஒன்றாகக் கலந்து கிடக்கும்போது யாருடையது எது என்று பிரிக்க வேறு வழி கிடையாது. என் பேரையும் ஒரு தம்ளரிலாவது வெட்டச் சொல்லி நான் அழுதிருக்கிறேன். "நீயா தனிக்குடித்தனம் போற?" என்று கேட்டுவிட்டு அப்பா தன் பேரை வெட்டச் சொன்னார்.

இந்த எழுத்து எனக்குப் புரியவில்லை. அத்தை எச்சில் தொட்டுத் துடைத்து, வெளிச்சத்துக்குத் திருப்பி, விரலால் தடவிப் படித்தாள். மலையாளம். 1956 நவம்பர் 1ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேரும் முன் அவள் மலையாளப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை போனவள். முதல் எழுத்து தேய்ந்துவிட்டது, இரண்டாவது 'மா', அப்புறம் ஒரு புள்ளி, அப்புறம் 1112. அது கொல்லம் ஆண்டு, மலையாளக் கணக்கு. 825 கூட்டிப் பார்த்தால் 1937. ஆண்டு சிங்க மாதத்தில், நம் ஆவணியில், பிறப்பதால் 1936இன் கடைசி மாதங்களும் அதில் அடங்கும். எல்லாச் சாதியாரும் கோயிலுக்குள் போகலாம் என்று திருவிதாங்கூரில் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்ததும் அதே 1112இல்தான். அந்த வருடம் யாரோ ஒரு 'மா' வீட்டில் கல்யாணமோ பாகப்பிரிவினையோ நடந்திருக்கிறது. அத்தை பாகப்பிரிவினை என்றே அடித்துச் சொன்னாள். சீர் சாமானில் பெண்ணின் பேர் மட்டும் இருக்குமாம். அண்ணன் தம்பி பிரிகிறபோதுதான் வருடத்தோடு வெட்டுவார்களாம், பின்னால் சண்டை வராமல் இருக்க. அவள் சொன்னது சரியா என்று கேட்க யாரும் இல்லை.

அண்ணாச்சி, வேண்டுமானால் கிரைண்டர் வைத்து எழுத்தை எடுத்துத் தருகிறேன், காசு வேண்டாம் என்றார். வேண்டாம் என்றேன். "அடுத்தவன் பேர வீட்டுல வச்சுக்கிட்டு என்னத்துக்கு?" என்று அத்தைக்கு மனசே இல்லை. உருளி, அச்சுமுறுக்கு அச்சு ஒன்று, பித்தளைச் சருவம் ஒன்று, மூன்றும் சேர்த்து 4,200 ரூபாய். அத்தை பேசி 3,600 ஆக்கினாள். அரிசி அளக்கிற நாழி ஒன்றும் கேட்டேன், நான்கு நாழி ஒரு இடங்கழி, பத்து இடங்கழி ஒரு பறை என்று பாட்டா சொல்லிக் கொடுத்த வாய்ப்பாடு ஞாபகம் வந்ததால். அண்ணாச்சி சொன்ன விலையைக் கேட்டு அத்தை கடையை விட்டே இறங்கிவிட்டாள். அவள் அரிசி அளப்பது பால்பவுடர் டின்னில்.

சருவத்துக்கு ஈயம் பூச வேண்டும். பூசாத பித்தளையில் புளி பட்டால் களிம்பு கிளம்பும். அதே தெருவில் ஒருவர் இன்னும் பூசுகிறார். கரியடுப்பில் பாத்திரத்தைக் காய வைத்து, நவச்சாரப் பொடியைத் தூவியதும் வெள்ளையாகப் புகை எழுந்து இருமல் பிடித்தது. அந்தப் பொடிதான் உள்ளே இருக்கிற அழுக்கைத் தின்று உலோகத்தைத் திறந்து வைக்கிறது. அடுத்து ஈயக்கட்டியை லேசாகத் தேய்த்து, பஞ்சால் ஒரு சுழற்று. உள்பக்கம் முழுவதும் நிலா மாதிரி ஆனது. ஈயம் என்று சொன்னாலும் பூசுவது வெள்ளீயம், அதாவது தகரம். 232 டிகிரியில் உருகிவிடும். அதனால் வெறும் பாத்திரத்தை அடுப்பில் வைத்துவிட்டுப் போன் பேசக்கூடாது என்று அவர் என்னைப் பார்த்துச் சொன்னார். என்னைப் பார்த்த உடனே தெரிந்திருக்கிறது.

திரும்பி வரும்போது பேருந்தில் அத்தையிடம் கேட்டே விட்டேன். அந்த வார்ப்பைக் கொடுத்ததற்கு வருத்தமில்லையா?

"எதுக்கு வருத்தம்?" என்றாள். "நெல்லு அவிச்சா நான் தேய்க்கணும். கல்யாணம்னா நான் தேய்க்கணும். பக்கத்து வீட்டுல எரவல் வாங்கிட்டுப் போனா அவியளும் கரியோட கொண்டு வச்சிட்டுப் போவாவ. கிணத்தடியில செங்கப்பொடியும் புளியும் வச்சு விரல் நகம் போற வரைக்கும் தேய்ப்பேன். நீ ஒருநாள் தேய்ச்சிருக்கியாடே? பாயசம் சுரண்டித் தின்னுட்டு ஓடுவ." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வில்லுக்குறி தாண்டும் வரை பேசவில்லை. அப்புறம் அவளாகவே, அந்த டிபன் கேரியர் இன்னும் இருக்கிறது, ஒரு கிளிப் மட்டும்தான் போயிருக்கிறது என்றாள்.

சாயங்காலம் அச்சைச் சோதித்தோம். அரிசி மாவு, தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை, கொஞ்சம் எள். எங்கள் தெருவில் கிறிஸ்துமஸுக்கு நாலு வீட்டிலிருந்து அச்சுமுறுக்கு வரும், தீபாவளிக்கு அதே தட்டுகளில் எங்கள் முந்திரிக்கொத்து போகும்; தட்டைக் காலியாகத் திருப்பும் வழக்கம் இல்லை. அச்சை எண்ணெயிலேயே காய விட்டு, மாவில் முக்கால் பாகம் மட்டும் முக்க வேண்டும். நான் முழுதாக முக்கினேன். முதல் மூன்றும் அச்சை விட்டு வரவில்லை, கத்தியால் நோண்டி எடுத்தோம். நாலாவது லேசாகத் தட்டியதும் கழன்று எண்ணெயில் பூவாக மிதந்தது. அத்தை அதை ஆறவிடாமல் எடுத்துக் கடித்து, சர்க்கரை போதாது என்றாள்.

உருளி மிச்சமிருந்தது. கிணற்றடியில் ஒரு பழைய அம்மியின்மேல் வைத்து, புளியைக் கரைத்து ஊற்றி உட்கார்ந்தேன். அரைமணி நேரத்தில் உள்பக்கம் பொன்னாக வெளுத்தது. அடிப்பக்கத்துக் கரி அசையவில்லை. அத்தை பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து வந்து போட்டு உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டாள்.

"அந்த 'மா'வுக்குப் பக்கத்துல கறுப்பு நிக்குது பாரு. அங்கண அழுத்தி."