ராயல் கிளிப்பரில் மாலை நேரம்

சின்னக் கப்பலில் ஏறினால் சாயங்காலம் பொழுது போகுமா என்று பலர் யோசிக்கிறார்கள். நியாயமான கேள்விதான். 2024-ல் ஓடத் தொடங்கிய ஐகான் ஆஃப் தி சீஸ் மாதிரியான கப்பலில் ஐயாயிரம் பயணிகளுக்கு மேல் போகிறார்கள். ஐஸ் ஸ்கேட்டிங், வாட்டர் பார்க், பெரிய மேடை என்று ஓர் ஊரே மிதக்கிறது. நாங்கள் போன ராயல் கிளிப்பரில் 227 பேருக்குத்தான் இடம். நாடக அரங்கு இல்லை, கேசினோ இல்லை. உள்ளே ஒரு பியானோ பார், அதை ஒட்டித் திறந்த தளத்தில் இன்னொரு பார், ஒரு நூலகம், முன்பக்கம் ஒரு லவுஞ்ச், அவ்வளவுதான். எங்களுக்கு இது தாராளமாகப் போதும் என்றிருந்தது.

காரணம், இங்கே முதல் பொழுதுபோக்கே கப்பல்தான். 2000-ல் கடலுக்கு வந்த இந்தப் பாய்மரக் கப்பலை, 1902-ல் ஜெர்மானியர்கள் கட்டிய ப்ராய்சன் என்ற சரக்குக் கப்பலை முன்மாதிரியாக வைத்து வடிவமைத்தார்கள். ஐந்து பாய்மரங்கள், 42 பாய்கள். துறைமுகத்தை விட்டுக் கிளம்பும் நேரம் யாரும் அறையில் இருப்பதில்லை. ஒலிபெருக்கியில் இசை எழும், பாய்கள் ஒவ்வொன்றாக இறங்கி விரியும். முதலில் தொளதொளவென்று படபடக்கும் துணி, காற்றுப் பிடித்ததும் ஒரே இழுப்பில் விறைத்துக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் தளம் ஒரு பக்கமாக லேசாகச் சாயும். முதல் நாள் வாயைப் பிளந்து பார்த்தோம். அடுத்தடுத்த நாட்களிலும் அப்படியேதான் பார்த்தோம்.

உள்ளே எனக்குப் பிடித்த இடம் பியானோ பார். கப்பலின் நடுவில் இருக்கும் நீச்சல் குளத்தின் அடிப்பகுதியில் கண்ணாடி பதித்திருக்கிறார்கள். அதன் வழியாக வரும் வெயில், மூன்று தளங்களைத் துளைத்தபடி இருக்கும் கூடத்துக்குள் கீழே வரை இறங்குகிறது. மதியம் அங்கே உட்கார்ந்தால் படிக்கட்டின் மேல் நீலமும் வெள்ளையுமாக வெளிச்சம் அலையும். மேலே யாராவது நீந்தினால் ஒரு நிழல் கடந்து போகும். கையில் எடுத்துப் போன புத்தகத்தை நான் அங்கே அதிகம் படிக்கவில்லை!

நூலகம் அமைதியான அறை. மழை பெய்தால் போய் உட்காரலாம். முன்பக்க லவுஞ்சில் பெரும்பாலும் கூட்டமே இல்லை.

காலையில் கேப்டன் மேல்தளத்தில் நின்று பேசுவார். இதைத் தவறவிடவே கூடாது. எந்தப் பக்கக் காற்று, எந்தப் பாயை ஏன் சுருட்டினோம், அடுத்த தீவுக்குள் எப்படி நுழையப் போகிறோம் என்று எல்லாம் சொல்வார். கேள்வி கேட்டால் உற்சாகமாகிவிடுவார். கப்பலை ஓட்டும் இடத்துக்கே பயணிகள் போய் நிற்கலாம் என்பது பெரிய கப்பல்களில் நினைத்துக்கூடப் பார்க்க முடியாத விஷயம். கடல் அமைதியாக இருந்தால் இடுப்பில் பெல்ட் கட்டிப் பாய்மரத்தில் ஏறவும் விடுகிறார்கள். அப்புறம் கப்பலின் முன்முனையான அணியத்தில், கடலுக்கு மேல் நீண்டிருக்கும் கம்பத்தின் கீழே கட்டிய வலை. அதில் குப்புறப் படுத்தால் கண்ணுக்கு நேர் கீழே தண்ணீர் பிளந்துகொண்டே போகும். என்னைக் கேட்டால் கப்பலின் சிறந்த லவுஞ்ச் அந்த வலைதான்.

இரவு நிகழ்ச்சிகள் எளிமையானவை. ஒருநாள் நண்டுப் பந்தயம், ஒருநாள் வினாடி வினா, மற்ற நாட்களில் இசைக்கலைஞர் ஒருவர் வாசிப்பார், ஆடுபவர்கள் ஆடுவார்கள். பணியாளர்களும் பயணிகளும் சேர்ந்து நடத்தும் கலைநிகழ்ச்சி மட்டும் தனி ரகம். காலையில் எங்களுக்குக் காபி ஊற்றியவர் மைக்கைப் பிடித்துப் பாடினார். நல்ல குரல், நிஜமாகவே நல்ல குரல். பகலெல்லாம் கயிறு இழுத்த மாலுமிகள் வரிசையாக நின்று ஆடினார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கைதட்டினோம், ஏனென்றால் அதற்குள் எல்லோர் பெயரும் எங்களுக்குத் தெரிந்திருந்தது.

இத்தாலியின் சிவிதாவெக்கியாவில் ஏறித் தெற்கே சிசிலிப் பக்கம் போகும் பாதை எங்களுடையது. வழியில் ஸ்ட்ராம்போலி எரிமலைத் தீவு வருகிறது. உயரம் 924 மீட்டர், காலங்காலமாக விட்டு விட்டு வெடித்துக்கொண்டே இருப்பதால் அதை மத்தியதரைக் கடலின் கலங்கரை விளக்கம் என்கிறார்கள். இரவு அதன் வடமேற்குப் பக்கம் போனபோது பாட்டு நின்றது, பார் காலியானது, அத்தனை பேரும் தளத்தின் ஓரத்துக்கு வந்துவிட்டார்கள். இருட்டில் உச்சியிலிருந்து சிவப்பாக ஒரு பீச்சல். ஒரு பாட்டி கத்தியே விட்டார். அப்புறம் அடுத்த வெடிப்புக்காக எல்லோரும் காத்திருந்தோம்.

தினமும் மேடை நிகழ்ச்சி வேண்டும் என்பவர்களும், சுறுசுறுப்பான பிள்ளைகளோடு போகிறவர்களும் பெரிய கப்பலே பார்க்கலாம். அவர்களுக்கு இங்கே கை கட்டிப் போட்டதுபோல் இருக்கும். இதில் போவதாக இருந்தால், சீக்கிரம் தூங்குகிறவர்கள் திறந்த தளத்து பாருக்குத் தள்ளியே அறை கேளுங்கள். குடும்பத்தில் யாருக்காவது கடல் ஒத்துக்கொள்ளாது என்றால் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை எடுங்கள். அங்கே ஆட்டம் குறைவு.