பதினான்கு பேருக்கு நான்கு தேன்பெட்டிகள்

ஒன்ராறியோ மாகாணத்தின் தேனீச் சட்டப்படி, பிறர் குடியிருக்கும் காணியின் எல்லையிலிருந்து 30 மீற்றருக்குள் தேன்பெட்டி வைக்க முடியாது. நாலாபக்கமும் அந்த இடைவெளியை விட்டு நடுவில் ஒரேயொரு பெட்டி வைப்பதென்றாலும், ஸ்காபரோவில் எங்களுக்கிருப்பதைப் போன்ற பின்வளவுகள் பலவற்றை வேலி பிரித்து ஒன்றாக்க வேண்டியிருக்கும். 2016இல் கனடாவின் முதலாவது ‘தேனீ நகரம்’ என்று பெயரெடுத்த ரொறொன்ரோவில் சாதாரண வீட்டுக்காரர் ஒருவர் தேனீ வளர்க்க வழியில்லை என்பது முதலில் எனக்கு எரிச்சலையே தந்தது. இந்த நகரில் 350க்கும் மேற்பட்ட காட்டுத் தேனீ இனங்கள் வாழ்கின்றன என்பதும், நாம் பெட்டியில் வளர்ப்பது ஐரோப்பாவிலிருந்து கொண்டுவரப்பட்ட இனம் என்பதும் பின்னர்தான் தெரியவந்தன. எப்படியோ, சொந்தமாகப் பெட்டி வைக்க இடமில்லாதவர்களுக்கு இங்கே எஞ்சியிருக்கும் வழி, வகுப்பில் சேர்ந்து படித்துவிட்டுப் பலரோடு சேர்ந்து ஒரு கூட்டுப் பண்ணையில் பங்கெடுப்பதுதான்.

நான் படித்தது 2023 பெப்ரவரியில், ஒரு சமூக நிலையத்தின் சிறிய அறையில், ஐந்து சனிக்கிழமைகளில். வெளியே பனி கொட்டிக் கிடந்தது. உள்ளே மேசையில் ஒரு வெறும் பெட்டியும், அதற்குள் தொங்கவிட்டுத் தேனீக்களை வதை கட்டவைக்கும் பத்துச் சட்டகங்களும் இருந்தன. படிப்பித்தவர் முதல் நாளில் தேனீயைப் பற்றிப் பேசவேயில்லை. இரண்டு சட்டகங்களுக்கு இடையிலுள்ள வெளியை அளந்து காட்டினார். அந்த வெளி ஏறத்தாழ 6 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் தேனீக்கள் அதைப் பிசின் வைத்து அடைத்துவிடும், 9 மில்லிமீற்றரைத் தாண்டினால் அங்கே புதிதாக வதை கட்டிவிடும், இரண்டுக்கும் நடுவே இருந்தால் மட்டும் நடைபாதையாக விட்டுவைக்கும் என்பதை 1851இல் கவனித்த லாங்ஸ்ட்ரோத் என்ற அமெரிக்கப் போதகர், அதை வைத்தே கழற்றிப் பூட்டக்கூடிய சட்டகங்கள் கொண்ட பெட்டியை அமைத்தார். பிறகு 3, 16, 21, 24 என்ற எண்களைப் பாடமாக்கச் சொன்னார்கள்: முட்டை பொரிக்க மூன்று நாட்கள், முட்டையிட்ட நாளிலிருந்து ராணி வெளிவரப் பதினாறு, பணித்தேனீ வெளிவர இருபத்தொன்று, ஆண்தேனீ வெளிவர இருபத்துநான்கு. அப்போது வாய்ப்பாடுபோல் ஒப்புவித்த இந்த எண்கள் எதற்கென்று அடுத்த வருடம் ஜூனில்தான் விளங்கியது.

எங்கள் பண்ணை ஓர் ஓடைப் பள்ளத்தாக்கின் ஓரத்தில் இருக்கிறது. நான்கு பெட்டிகள், பதினான்கு பேர், ஏழு சோடிகள், பூட்டுப் போட்ட ஒரு தகரப் பெட்டிக்குள் ஒரு குறிப்புக் கொப்பி. ஒவ்வொரு வார இறுதியும் ஒரு சோடியின் முறை. பெட்டியைத் திறந்தால் தேட வேண்டியது ராணியை அல்ல, முட்டையை என்பதுதான் அங்கே முதலில் கற்றது. சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துச் சட்டகத்தைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தால், வெளிச்சம் அறைகளின் அடிவரை இறங்கும். அங்கே ஓர் அரிசிக் குறுணலை நாலாய்ப் பிளந்தது போன்ற வெள்ளைத் துணுக்கு நட்டுக்கு நின்றால், மூன்று நாட்களுக்குள் ராணி அங்கே இருந்திருக்கிறாள் என்று பொருள். முதல் நாள் அரைமணி நேரம் பார்த்தும் எனக்கு ஒரு முட்டைகூடத் தென்படவில்லை. பிழை தேனீயிடமும் இல்லை, வெளிச்சத்திலும் இல்லை, வாசிக்கும் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்ததில் இருந்தது.

இனி நான் விட்ட பிழை. 2024 ஜூனில் ஒரு சனிக்கிழமை, எங்கள் முறையில், இரண்டாம் பெட்டியைத் திறந்தோம். கொப்பியின்படி அது பத்து நாட்களாகத் திறக்கப்படவில்லை. உண்மையில் மூன்று நாட்களுக்கு முன் வேறொரு சோடி திறந்து பார்த்துவிட்டு, எழுத மறந்து போயிருந்தது. தேனீக்கள் ஏற்கெனவே குழம்பியிருந்தன. ஓரச் சட்டகத்தை முதலில் எடுத்து இடம் விட்டுக்கொண்ட பிறகே நடுச் சட்டகங்களைத் தொட வேண்டும் என்பது பால பாடம். நானோ அவசரத்தில் நடுச் சட்டகத்தையே நேராக உருவினேன். பக்கத்துச் சட்டகத்தோடு உரசிக்கொண்டு அது மேலே வந்தபோது தேனீக்கள் நசிந்து உருண்டதைக் கையில் உணர்ந்தேன். அடுத்த வாரம் அந்தப் பெட்டியில் முட்டையே இல்லை. வளர்ந்த குடம்பிகள் மட்டும் இருந்தன. சட்டகத்தின் முகத்தில் கச்சான்கோது போல, புதிய ராணியை வளர்க்கும் அறைகள் ஐந்து தொங்கின. ராணிக்கு ஆண்டுக்கொரு நிறம் என்ற வழக்கப்படி, 2023இன் ராணி என்பதால் முதுகில் சிவப்புப் புள்ளி வைத்திருந்தோம்; அந்தப் புள்ளியை அதன் பிறகு யாரும் காணவில்லை.

அப்போதுதான் அந்த எண்கள் உதவின. ராணி போய் ஏழு நாள், புதியவள் வெளிவர இன்னும் ஐந்தாறு நாள், அவள் பறந்து சென்று இணைந்து திரும்பி முட்டையிடத் தொடங்க மேலும் இரண்டு வாரமோ அதற்குச் சற்று மேலோ. அதுவரை பெட்டியைத் தொடக்கூடாது. சொந்தப் பெட்டியாக இருந்தால் ஒருவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டால் போதும். இங்கே பதினான்கு பேரின் ஆவலைக் கட்ட வேண்டியிருந்தது. பெட்டியைச் சுற்றிச் சிவப்பு நாடா ஒன்றைக் கட்டினோம். வருகிற ஒவ்வொரு சோடியும், செய்ததை மட்டுமன்றிச் செய்யாததையும் எழுத வேண்டும் என்று முடிவெடுத்தோம். ‘பெட்டி 2: திறக்கவில்லை’ என்ற வரி கொப்பியில் வரிசையாக வந்தது. ஜூலை நடுப்பகுதியில் நாடாவை அவிழ்த்தபோது நடுச் சட்டகத்தில் முட்டைகள் இருந்தன. தேன் தரும் லிண்டன் மரங்கள் அதற்குள் பூத்து ஓய்ந்திருந்தன. அந்தப் பெட்டியில் அவ்வருடம் தேன் எடுக்கவில்லை.

மற்ற மூன்றிலும் எடுத்தோம். அதற்கு முன் ஓகஸ்டில் உண்ணி கணக்கெடுப்பு இருந்தது. அரைக் கோப்பைத் தேனீக்களை, ஏறத்தாழ முந்நூறை, மதுசாரத்தில் போட்டுக் குலுக்கி, தேனீக்களின் உடலில் ஒட்டி வாழும் வரோவா என்ற உண்ணிகள் எத்தனை உதிர்கின்றன என்று எண்ண வேண்டும். அந்த முந்நூறும் செத்துப்போகும் என்பதால் எங்களில் சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். நானும் அவர்களில் ஒருவன்தான். அந்த மாதத்தில் நூற்றுக்கு மூன்று உண்ணி என்பது எல்லை; எங்களுக்கு முந்நூறில் பதினான்கு கிடைத்தது. தேனை எடுத்த கையோடு, உண்ணியைக் கொல்லும் போர்மிக் அமிலப் பட்டைகளை வைத்தோம்.

என் பங்கு நான்கு போத்தல். பின்கோடையில் மஞ்சளாகப் பூக்கும் கோல்டன்ராட் செடியின் தேன் அதில் கணிசமாக இருந்ததால், ஒக்டோபர் முடியுமுன்பே உறைந்து நெய்போல் ஆகிவிட்டது. வன்னியில் மரப்பொந்துத் தேனைப் போத்தலில் வாங்கிப் பழகிய அம்மா, கரண்டியை நேரே குத்தி நிறுத்திப் பார்த்துவிட்டு, “தம்பி, ஆரோ உனக்குச் சீனிப்பாணி கலந்து தந்திட்டினம்” என்றார். குளுக்கோஸ் கூடுதலாக உள்ள தேன் குளிரில் உறைவது இயல்பு என்று விளக்கினேன். நானே சட்டகத்திலிருந்து வழித்தெடுத்த தேன் என்றும் சொன்னேன். அம்மா ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் போத்தல் டிசம்பருக்குள் காலியாகிவிட்டது.

நவம்பரில் பெட்டிகளுக்குக் கறுப்புப் போர்வை சுற்றி, வாசலைச் சிறிதாக்கி, கூரை மேல் கல் வைத்துவிட்டு வந்தோம். அதன் பிறகும் முறைப்படி யாராவது போய் வாசலில் சேரும் பனியைத் தட்டிவிட்டு வருவார்கள். கொப்பியின் அந்தப் பக்கம் முழுவதும் ஏறத்தாழ ஒரே வரிதான். மார்ச்சில் எங்கள் முறை வந்தபோது வெயில் அடித்தது; இரண்டாம் பெட்டியின் வாசலிலிருந்து தேனீக்கள் சில வெளியே வந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு உள்ளே போயின. பல வாரங்களாக அடக்கி வைத்திருந்ததைக் கழித்துவிட்டுப் போனதற்கு அடையாளமாக, பெட்டியைச் சுற்றிய பனியில் மஞ்சள் பொட்டுகள் விழுந்திருந்தன. அதைக் கொப்பியில் எழுதி, கீழே ‘பெட்டி 2: திறக்கவில்லை’ என்று சேர்த்தேன்.