பெத்லெகேம் கோயில் சுவத்துல ஒரு வம்ச வரலாறு

பெத்லெகேம் போறவங்க எல்லாரும் இயேசு பொறந்த இடம்னு கும்புடற கோயிலுக்கு கீழ குகையில இருக்கற அந்த வெள்ளி நட்சத்திரத்த தொட்டுட்டா போதும்னுதான் ஓடுவாங்க, மேல சுவர நிமிந்து பாக்கறவங்க ரொம்ப கம்மி. க்யூ நகராம நின்னதால நான் பாத்தேன். 2019 டிசம்பர், கொரோனாவுக்கு முந்தின கிறிஸ்துமஸ் சீசன், திருநெல்வேலி தூத்துக்குடி பக்கத்து ஆளுங்களா ஒரு பஸ் நிறைய கிளம்பிப் போயிருந்தோம், என்கூட எங்க அத்தை. வாசல்னு சொல்றது நாலடி உயரம்தான், குனியாம யாரும் உள்ள போக முடியாது, அத்தைக்கு முட்டுவலி வேற, என் தோளப் புடிச்சிக்கிட்டே நுழைஞ்சாங்க.

உள்ள போனா ரெண்டு பக்கமும் இளஞ்சிவப்பு கல் தூணுங்க வரிசையா நிக்குது. ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்துல முதல்ல கட்டின கோயில், அப்புறம் 6ம் நூற்றாண்டுல திரும்ப கட்டினது, தரையில ஒரு இடத்துல பலகைய தூக்கி வச்சு பழைய மொசைக் தரையவும் காட்றாங்க. எங்க லோக்கல் கைடு பெத்லெகேம்லயே பொறந்த பாலஸ்தீன கிறிஸ்தவர், அவர்தான் சுவத்துக்கு மேல கைய காட்டினாரு. 1169ல சிலுவைப்போர்காரங்க காலத்துல பதிச்ச மொசைக், மெழுகுவத்தி புகையில பல நூறு வருஷம் கருத்துக் கெடந்தத 2013ல ஆரம்பிச்ச ரிப்பேர் வேலையில சுத்தம் பண்ணி எடுத்திருக்காங்க, தங்கம் அப்படியே மின்னுது. தெற்கு சுவத்துல மத்தேயு சொல்ற இயேசுவோட வம்ச வரலாறு, எதிர் சுவத்துல லூக்கா சொன்னது, ஒவ்வொருத்தருக்கும் மார்பளவு உருவம், பக்கத்துல லத்தீன்ல பேரு.

முக்காவாசி உதிந்து போச்சு. மத்தேயு பக்கத்துல மிச்சம் இருக்கறது ஆசோர், சாதோக், ஆகீம், எலியூத், மாத்தான் இப்படிப்பட்ட ஆளுங்கதான், கடைசியா யோசேப்பு. தாவீதும் சாலொமோனும் அங்க காணோம். ஆசோர் யாருன்னு கேட்டா பைபிள்ல அந்த பட்டியல்ல இருக்கற பேரத் தவிர ஒரு வரி கிடையாது, யூதர்கள பாபிலோனுக்கு பிடிச்சிட்டுப் போன சிறையிருப்புக்கு அப்புறம் ராஜ்யமும் இல்லாம கிரீடமும் இல்லாம பொறந்து வளந்து செத்துப் போன தலைமுறைங்க, அவங்க மூஞ்சிதான் 850 வருஷமா சுவத்துல ஒட்டிக்கிட்டு இருக்கு. எனக்கு அது ரொம்ப புடிச்சிருந்தது.

எங்க ஊர் கோயில்ல கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு மத்தேயு 1 வாசிக்கறதுன்னா நேரா 18ம் வசனத்துக்கு போயிருவாங்க, அவன் இவனைப் பெற்றான் இவன் அவனைப் பெற்றான்னு யாரு உக்காந்து கேக்கறதுன்னு. ஆனா அந்த 17 வசனத்துலதான் விஷயமே இருக்கு. தாமார், ராகாப், ரூத், அப்புறம் பேர கூட சொல்லாம "உரியாவின் மனைவியாயிருந்தவள்". மாமனாருக்கே பிள்ளை பெத்தவ, எரிகோவுல வேசியா இருந்தவ, மோவாப் தேசத்துக்காரி, புருஷன கொன்னுட்டு தாவீது எடுத்துக்கிட்டவ. இதுல இன்னொண்ணு, மத்தேயு பட்டியல பதினாலு பதினாலா அடுக்கறதுக்காக யோராமுக்கும் உசியாவுக்கும் நடுவுல மூணு ராஜாக்களயே தூக்கிட்டாரு (1 நாளாகமம் 3ல அகசியா, யோவாஸ், அமத்சியா பேரு இருக்கு, இங்க இல்ல). ராஜாக்கள விட்டுட மனசு வந்த மனுஷன் உரியாவோட பொண்டாட்டிய விடல பாருங்க. நம்ம ஆளுங்க எழுதியிருந்தா நேர்மாறாதான் இருந்திருக்கும்.

ரூத்து விஷயம் எனக்கு அன்னிக்குதான் உறைச்சுது, ஏன்னா அதுக்கு முன்னாடி நாங்க ஜோர்டான்ல நேபோ மலை பாத்துட்டு எல்லை தாண்டி வந்திருந்தோம், அதுதான் பழைய மோவாப். அங்கருந்து சாக்கடல் பள்ளத்துக்கு இறங்கணும், கடல் மட்டத்துக்கு 430 மீட்டர் கீழ, அப்புறம் இந்தப் பக்கம் பெத்லெகேமுக்கு ஏறணும், இது கடல் மட்டத்துக்கு மேல 770 மீட்டர் சுமார். ஏசி பஸ்லயே எங்களுக்கு காது அடைச்சுது. ரூத்து நடந்து வந்தா, விதவை மாமியாளோட, தானும் விதவையா. கதையே "தேசத்திலே பஞ்சம் உண்டாயிற்று"ன்னுதான் ஆரம்பிக்குது. வந்ததும் முதல் வேலை அடுத்தவன் வயல்ல சிந்தின கதிர பொறுக்குனது. மோவாபியன் பத்தாம் தலைமுறை வரைக்கும் சபைக்குள்ள வரக்கூடாதுன்னு உபாகமம் 23ல சட்டம் இருக்கு, ஆனா ரூத்தோட பேரன் ஈசாய், அவன் மகன் தாவீது. பத்து தலைமுறைக்கெல்லாம் யாரும் காத்திருக்கல.

இத நான் க்யூல நின்னபடியே அத்தைகிட்ட சொன்னேன். அவங்க கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் "ஏட்டி, நம்ம பூட்டியும் அப்படித்தான வந்தா"ன்னாங்க.

எங்க வீட்டு ஹால்ல ஒரு சார்ட் இருக்கு, ஃப்ரேம் போட்டது, குடும்ப வரிசை. உச்சியில அத்தையோட தாத்தா, சபையில வேதம் சொல்லிக் குடுக்கற உபதேசியார். அவருக்கு மேல ஒண்ணும் கிடையாது, வானத்துல இருந்து நேரா குதிச்ச மாதிரி. கல்யாண வீடுங்கள்ல பெருசுங்க நாங்க ரேனியஸ் ஐயர் (நெல்லைக்கு வந்த ஜெர்மன் மிஷனரி) காலத்துலயே வேதத்துக்கு வந்தவங்க, அதாவது கிறிஸ்தவங்க ஆனவங்கன்னு சொல்லிக்குவாங்க. ரேனியஸ் ஐயர் 1838ல இறந்துட்டாரு, உபதேசியார் அப்ப பொறக்கவே இல்ல, யாரும் கணக்கு பாக்கறதில்ல.

அத்தை அவங்க ஆச்சிகிட்ட கேட்டது வேற. தாது வருஷப் பஞ்சம், 1877. கரிசக்காட்டு பக்கம் ஒரு ஊர்ல இருந்து புருஷன பறிகொடுத்தவ, அஞ்சு வயசுப் பையன இடுப்புல தூக்கிட்டு மிஷன்ல கஞ்சி ஊத்தறாங்கன்னு கேள்விப்பட்டு நடந்து வந்திருக்கா. கூட வந்த பொம்பளப் புள்ள வழியில செத்துப் போச்சு. அந்தப் பஞ்ச காலத்துல நெல்லைச் சீமையில ஆயிரக்கணக்குல வேதத்துல சேந்தாங்க, கால்டுவெல் ஐயர் பிஷப் ஆனதும் அதே 1877தான், கஞ்சிக்கு வேதத்துல சேர்ந்தவங்கன்னு ஊரு சிரிச்சுது, அந்த சிரிப்புக்கு பயந்துதான் எங்க வீட்ல பூட்டிய மறைச்சுட்டாங்க. அவ மிஷன் காம்பவுண்டுல ரேந்தை (லேஸ்) பின்னக் கத்துக்கிட்டு பையன படிக்க வச்சா. அவன்தான் உபதேசியார். "பசிக்கு வந்தா, அதுல என்னட்டி கேவலம், அவ வரலன்னா நீயும் நானும் ஏது"ன்னாங்க அத்தை, கொஞ்சம் சத்தமாவே, முன்னாடி நின்ன வெள்ளக்காரம்மா திரும்பிப் பாத்தாங்க.

குகைக்குள்ள கிடைச்சது அரை நிமிஷம் இருக்கும். வழுக்கற படி, நெரிசல், பலிபீடத்துக்கு அடியில பளிங்கு தரையில 14 முனை வெள்ளி நட்சத்திரம், மேல 15 விளக்கு, அதுல எத்தன கிரேக்கருக்கு எத்தன அர்மீனியருக்கு எத்தன கத்தோலிக்கருக்குன்னு பாகம் பிரிச்சு வச்சிருக்காங்களாம். 14 முனை எதுக்குன்னா மத்தேயுவோட பதினாலு பதினாலு தலைமுறைக்குன்னு சொல்றாங்க. நட்சத்திரத்து நடுவுல ஒரு ஓட்டை, அதுக்குள்ள கைய விட்டா கீழ பாறை தட்டுப்படும், எண்ணெய் பிசுபிசுன்னு சில்லுன்னு இருக்கு. அத்தை மண்டி போட முடியாதுன்னு டாக்டர் சொன்னதையும் மறந்து மண்டி போட்டு கைய விட்டாங்க, என்னமோ முணுமுணுத்தாங்க, பின்னாடி நின்ன காவலாள் க்விக் க்விக்னு விரட்ட நானும் இன்னொரு அக்காவும் சேந்து தூக்கிவிட்டோம். என்ன ஜெபம் பண்ணீங்கன்னு கேட்டதுக்கு பூட்டிக்கு ஸ்தோத்திரம் சொன்னேன்னாங்க. புராட்டஸ்டண்ட் ஆளுங்க செத்தவங்களுக்கு ஜெபிக்க மாட்டோம், ஆனா நன்றி சொல்லலாம்ல.

கிருபைன்னு ஞாயித்துக்கிழமை தோறும் பாடறோம், தகுதியில்லாதவங்களுக்கு சும்மா கிடைக்கறதுன்னு விளக்கமும் குடுக்கறோம், ஆனா நம்ம குடும்பத்துக்கு மட்டும் அது ஏதோ தகுதி பாத்து கிடைச்ச மாதிரி பரம்பரை பேசறது எனக்கு அப்புறம் கேக்கவே கூச்சமா போச்சு.

ஊருக்கு வந்து சார்ட்ட மாத்துவோம்னு பேச்ச எடுத்தேன். பூட்டி பேரு யாருக்கும் தெரியல, ஞானஸ்நானப் பேரு மரியாளா மார்த்தாளான்னு அத்தைக்கே சந்தேகம், சபை ரிஜிஸ்டர்ல தேடணும். சித்தப்பாவுக்குத்தான் மனசு ஒப்பல. அவள போடறதுக்கு ஆட்சேபணை இல்லையாம், பக்கத்துல 1877ன்னு மட்டும் போடாத, வருஷத்த பாத்தாலே பஞ்சத்துல வந்தவங்கன்னு கண்டுபுடிச்சிருவாங்க, சும்மா 19ம் நூற்றாண்டுன்னு போடுங்கிறார். அத்தை 1877ன்னு போடலன்னா சார்ட்டே வேண்டாம், கழட்டி பரண்ல போடுங்கிறாங்க. ஃப்ரேம் கடைக்காரர் ரெண்டு தடவ போன் பண்ணிட்டாரு.