திவால் டிஸ்சார்ஜ் ஆர்டர் கைல வந்ததுக்கு அப்புறம் தான் வேலையே

நான் பாக்குறது லோன் அப்ளிகேஷன் வெரிஃபிகேஷன் வேலை. பேக் ஆபீஸ்ல உக்காந்து முகம் தெரியாத ஒருத்தரோட கிரெடிட் ரிப்போர்ட்டை வரிவரியா படிச்சு, சம்பள ஸ்லிப், பேங்க் ஸ்டேட்மெண்ட்டோட ஒப்பிட்டு ஒரு நோட் போடணும், முடிவெடுக்குறது மேல இருக்கற அண்டர்ரைட்டர் தான் ஆனா அவருக்கு நேரம் கிடையாது, நம்ம நோட்டை தான் மொதல்ல பாப்பார். ஒரு நாள் அமெரிக்க ஃபைல், மறுநாள் பிரிட்டன், நடுவுல கனடா. கொஞ்ச காலம் தமிழ் பேசுற கஸ்டமர்களுக்கான ஹெல்ப்லைன்லயும் போட்டாங்க. அதுவரைக்கும் ஃபைலா பாத்த ஆளுங்க குரலா மாறினது அங்க தான்.

அதுல எனக்கு அடிக்கடி வந்த கால் திவால் ஆனவங்களோடது. வயசானவங்க மொதல்ல சுத்தி வளைச்சு பேசிட்டு கடைசில குரலை தாழ்த்தி "தம்பி, நான் மஞ்ச கடுதாசி குடுத்த ஆளு, எனக்கெல்லாம் இனிமே யாராவது கடன் குடுப்பாங்களா"ன்னு கேப்பாங்க. சின்ன வயசுக்காரங்க நேர் எதிர், "கோர்ட்டு டிஸ்சார்ஜ் குடுத்துடுச்சு சார், எல்லாம் கிளியர், அப்புறம் ஏன் ரிஜெக்ட் பண்றீங்க"ன்னு சண்டைக்கு வருவாங்க. ரெண்டு பேர் நெனைக்கறதும் சரி கிடையாது. ரிப்போர்ட்ல திவால்ங்கற ஒரு வரியை பாத்து தூக்கி போட்ட ஃபைலை விட, அந்த வரிக்கு கீழ சரி பண்ணாம விட்ட மத்த வரிகளால போன ஃபைல் தான் என் டேபிள்ல அதிகம்.

டிஸ்சார்ஜ்ங்கற கோர்ட் ஆர்டர் கடனை தான் ரத்து பண்ணுது, ரிப்போர்ட்டை யாரும் உக்காந்து திருத்த மாட்டாங்க. அமெரிக்காவுல டிஸ்சார்ஜ் ஆன ஒவ்வொரு பழைய கணக்கும் பேலன்ஸ் பூஜ்யம்னு காட்டணும், திவால்ல அடங்கிடுச்சுன்னு ஒரு குறிப்பும் இருக்கணும். நடைமுறைல என்ன ஆகும்னா அஞ்சு கார்டு இருந்தா மூணு சரியா மாறியிருக்கும், ஒண்ணு இன்னும் பாக்கின்னு நிக்கும், இன்னொண்ணு கலெக்‌ஷன் ஏஜென்சிக்கு வித்து அவங்க பேர்ல புதுசா ஒரு வரியா மொளைச்சிருக்கும். மெஷின் ஸ்கோர் போடும்போது அதுக்கு கோர்ட்டு கதையெல்லாம் தெரியாது, நேத்து கூட கட்டாம இருக்கான்னு தான் கணக்கு போடும்.

பிரிட்டன் ஃபைல்ல வேற மாதிரி தொந்தரவு. இங்கிலாந்துல பொதுவா 12 மாசத்துல திவால்ல இருந்து விடுதலை, ஆனா ஆர்டர் போட்ட தேதில இருந்து 6 வருஷம் ஃபைல்ல இருக்கும். அதுல அடங்கின கடனுக்கெல்லாம் டிஃபால்ட் தேதி, அதாவது கட்டாம விட்டதா பதியற தேதி, திவால் ஆர்டர் தேதியை தாண்டி போகக்கூடாது. இது ரொம்ப சின்ன விஷயமா தெரியும், ஆனா ஏதோ ஒரு கம்பெனி சோம்பேறித்தனமா ஒன்றரை வருஷம் கழிச்சு டிஃபால்ட் போட்டிருந்தா திவால் வரி அழிஞ்ச அப்புறமும் அந்த ஒரு கணக்கு மட்டும் தனியா கறுப்பா நிக்கும். ஒரு அம்மா வருஷக்கணக்கா பொறுத்து சரியா தேதி பாத்து அப்ளை பண்ணி, இந்த மாதிரி ஒரே ஒரு வரியால நின்னு போச்சு. ஹெல்ப்லைன்ல அவங்களுக்கு நான் சொன்னது இவ்ளோ தான், "அம்மா, அந்த கம்பெனிக்கு ஆர்டர் காப்பியோட எழுதுங்க, தேதியை மாத்த சொல்லுங்க, ரிப்போர்ட் தயார் பண்ற கிரெடிட் பீரோவுக்கும் தப்பை திருத்த சொல்லி ஒரு டிஸ்ப்யூட் போடுங்க." அவங்க கேட்டது, "இதை மொதல்லயே யாராவது சொல்லிருக்கலாமேப்பா." அதுக்கு என்கிட்ட பதில் இல்ல, சொல்றது யாரோட வேலைன்னு எங்கயும் எழுதி வைக்கல.

எத்தனை வருஷம் நிக்கும்ங்கறது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவுல சொத்து இருந்தா வித்து மீதி கடனை ரத்து பண்ற சாப்டர் 7 திவால் போட்டா ஃபைல் பண்ணினதுல இருந்து 10 வருஷம் வரைக்கும், தவணைல கட்டற சாப்டர் 13ஐ பீரோக்கள் 7 வருஷத்துல எடுத்துடுறாங்க. கனடாவுல மொத தடவைன்னா டிஸ்சார்ஜ்க்கு அப்புறம் பொதுவா ஆறேழு வருஷம், ரெண்டாவது தடவைன்னா 14. ஜெர்மனில ஷூஃபாங்கற பீரோ முன்னாடி 3 வருஷம் வச்சிருந்துச்சு, 2023 மார்ச்ல அதை 6 மாசமா குறைச்சுட்டாங்க. ஆஸ்திரேலியாவுல கிரெடிட் ரிப்போர்ட்ல இருந்து போயிடும் ஆனா அரசாங்கத்தோட தேசிய திவால் பதிவேட்டுல பேர் நிரந்தரமா இருக்கும். இந்தியால பாத்தா தனிமனுஷன் திவால் சட்டம் இன்னும் அரைகுறை தான், 2016ல வந்த புது சட்டத்துல அந்த பகுதி கம்பெனிக்கு ஜாமீன் போட்டவங்களுக்கு மட்டும் தான் 2019 டிசம்பர்ல அமலுக்கு வந்துச்சு, மத்தவங்களுக்கு 1909, 1920 காலத்து சட்டம் தான். அதனால நம்ம ஆளுங்க ரிப்போர்ட்ல திவாலை விட 'செட்டில்ட்', 'ரிட்டன் ஆஃப்' (இனி வராதுன்னு பேங்க் எழுதி தள்ளினது)ங்கற வார்த்தைங்க தான் நிறைய. மொத்தமும் கட்டாம பேசி முடிச்சா செட்டில்ட்னு தான் விழும், குளோஸ்டுன்னு விழாது, பேங்க்ல உக்காந்து பாதிக்கு பேசி முடிச்சிட்டு சந்தோஷமா வெளிய வந்தவங்களுக்கு இது தெரியறது அடுத்த லோன் கேக்கும்போது தான்.

கடனுக்கு முன்னாடி பேங்க் கணக்கு. இதை யாரும் யோசிக்கிறதே இல்ல. திவால்னு தெரிஞ்சதும் பேங்க் கணக்கை முடக்கலாம், அதே பேங்க்ல கடனும் பாக்கி இருந்தா சம்பளம் விழுந்த உடனே அதுல இருந்து எடுத்துக்கவும் வழி இருக்கு. சம்பளம் எங்க விழுதுன்னு பாக்காம பேப்பர் ஃபைல் பண்ணிட்டு, அந்த மாசம் வாடகைக்கு அல்லாடினவங்க கதை கேட்டிருக்கேன். கடன் இல்லாத வேற ஒரு பேங்க்ல முன்னாடியே கணக்கு தொறந்து சம்பளத்தை அங்க மாத்திக்கறது ஒண்ணும் திருட்டுத்தனம் இல்ல, அந்த கணக்கை மறைச்சா தான் தப்பு, பேப்பர்ல காட்டணும். ஐரோப்பாவுல 2014ல வந்த விதிப்படி அங்க சட்டப்படி குடியிருக்கற யாருக்கும் அடிப்படை கணக்கு ஒண்ணு கேக்க உரிமை இருக்கு, பிரிட்டன்லயும் பெரிய பேங்குகள் பேசிக் அக்கவுண்ட் குடுத்தாகணும், ஓவர்டிராஃப்ட் கிடையாது, அது நல்லதுக்கு தான். அமெரிக்காவுல தான் செக்ஸ்சிஸ்டம்ஸ்னு தனியா ஒரு லிஸ்ட், மைனஸ்ல விட்டுட்டு போன கணக்கெல்லாம் அதுல 5 வருஷம் கிடக்கும். திவால்னாலயே கணக்கு தர மாட்டேங்கறாங்கன்னு நெனைச்சிட்டு இருப்பாங்க, பாத்தா இந்த லிஸ்ட்ல ஒரு சில்லற பாக்கியா இருக்கும். அந்த ரிப்போர்ட்டையும் இலவசமா கேட்டு வாங்கலாம்.

இனி ஸ்கோரை ஏத்தற கதை. எங்க டீம்ல ஒரு சீனியர் அக்கா இருந்தாங்க, திவால் ஃபைல் வந்தா நேரா கடைசி 24 மாசம் எப்படி கட்டினாங்கன்னு காட்டற கட்டத்துக்கு தான் போவாங்க. "பழசை எல்லாரும் பாப்பாங்கடா, அதுக்கப்புறம் என்ன பண்ணான்னு பாரு"ன்னு சொல்லுவாங்க. அங்க ஒண்ணுமே இல்லாம வெறிச்சோடி இருந்தா அதுவும் பிரச்சனை தான். சூடு கண்ட பூனை மாதிரி கார்டு பக்கமே போகாம ரொக்கத்துலயே வாழ்ந்தவங்க நிறைய, வாழ்க்கைக்கு அது சரியா கூட இருக்கலாம், ஆனா ரிப்போர்ட்ல நல்லவரா கெட்டவரான்னு சொல்ல ஒரு தடயமும் இருக்காது. டெபாசிட் கட்டி வாங்கற செக்யூர்டு கார்டு தான் இதுக்கு சாதாரண வழி, இந்தியால எஃப்டி மேல குடுக்கற கார்டும் அதே தான். அதுல மாசாமாசம் தவறாம போற ஏதாவது ஒரு சின்ன பில்லை மட்டும் போட்டு, முழுசா ஆட்டோபேல கட்டிட்டு, கார்டை டிராயர்ல வச்சுட வேண்டியது. அமெரிக்காவுல லெண்டர்கள் பாக்கற ஃபிகோ ஸ்கோர்ல 35 சதவீதம் நேரத்துக்கு கட்டினதுக்கு, 30 சதவீதம் எவ்ளோ கடன் இருக்குங்கறதுக்கு, அதுல முக்கியமா லிமிட்ல எவ்ளோ பயன்படுத்தறோம்ங்கறதுக்கு. செக்யூர்டு கார்டு லிமிட்டே சின்னது, அதுல முக்கால்வாசி தேய்ச்சிட்டு முழுசா கட்டினாலும் ஸ்டேட்மெண்ட் தேதில பீரோவுக்கு போறது அந்த முக்கால்வாசி தான். வாங்கறதுக்கு முன்னாடி இந்த கார்டு பீரோவுக்கு ரிப்போர்ட் ஆகுமான்னு கேக்கணும், ஆகாத கார்டை வச்சு எத்தனை வருஷம் ஒழுங்கா கட்டினாலும் யாருக்கும் தெரியாது.

இதே கூத்து வீட்டுக்கடன்லயும் நடக்கும். அமெரிக்காவுல சாப்டர் 7க்கு அப்புறமும் வீட்டை விடாம மாசாமாசம் தவணை கட்டிட்டு இருப்பாங்க, ஆனா அந்த கடனை மறுபடி ஒத்துக்கிட்டு ரீஅஃபர்மேஷன் கையெழுத்து போடலேன்னா பல லெண்டர்கள் அந்த தவணையை பீரோவுக்கு சொல்றதே இல்ல. வருஷக்கணக்கா கட்டினதுக்கு ரிப்போர்ட்ல ஒரு பொட்டு தடயம் கிடையாது. கையெழுத்து போட்டா கடன் திரும்ப தலைமேல வரும், போடலேன்னா வரவு தெரியாது. எது மேல்னு கேட்டா, கையெழுத்து போடாம லெண்டர்கிட்ட பேமெண்ட் ஹிஸ்டரி பிரிண்ட் வாங்கி வச்சிக்கறது தான் என் கட்சி, மனுஷன் படிக்கற ஃபைல்ல அந்த பேப்பருக்கு மதிப்பு உண்டு.

ரிஜெக்ட் ஆன உடனே அஞ்சாறு இடத்துல அப்ளை பண்றவங்களை பாத்தா தான் எனக்கு எரிச்சலா வரும், ஒவ்வொண்ணும் கடன் கேட்டதா ரிப்போர்ட்ல ஒரு என்கொயரியா விழுந்து இன்னும் கீழ இழுக்கும். காத்திருக்க வேண்டிய காலம் எழுதியே இருக்கு, அமெரிக்காவுல சாப்டர் 7 டிஸ்சார்ஜ்ல இருந்து அரசாங்க காப்பீடு இருக்கற எஃப்ஹெச்ஏ வீட்டுக்கடனுக்கு பொதுவா 2 வருஷம், லெண்டர்கள்கிட்ட இருந்து வீட்டுக்கடனை வாங்கற ஃபேனி மே விதிப்படின்னா 4 வருஷம், அதுக்கு முன்னாடி எத்தனை கதவை தட்டினாலும் கம்ப்யூட்டரே திருப்பி அனுப்பிடும். இந்த அவசரத்தை தான் "ஸ்கோரை ஏத்தி தரோம், திவாலை அழிச்சு தரோம்"னு விளம்பரம் போடறவங்க சாப்பிடறாங்க. உண்மையான வரியை யாராலயும் அழிக்க முடியாது, தப்பான வரியை நீங்களே காசில்லாம திருத்தலாம். அமெரிக்காவுல 1996 சட்டப்படி வேலையை முடிக்கறதுக்கு முன்னாடி அவங்க காசு கேக்கறதே தப்பு. இந்தியால திருத்த சொல்லி 30 நாளாகியும் பண்ணலேன்னா நாளைக்கு 100 ரூபா உங்களுக்கு தரணும்னு ரிசர்வ் பேங்க் விதி இருக்கு, 2024 ஏப்ரல்ல இருந்து அமல்ல இருக்கு, கேக்கறவங்க தான் கம்மி.

ஒரு விஷயம் ஃபைல் படிக்கறவனா சொல்றேன், விளக்க கடிதம்னு கேட்டா அழுது எழுதாதீங்க. வேலை போச்சு, ஆஸ்பத்திரி செலவு வந்துச்சு, இந்த தேதில ஃபைல் பண்ணினேன், இந்த தேதில டிஸ்சார்ஜ், அதுக்கப்புறம் இந்த சம்பளம் இவ்ளோ சேமிப்புன்னு அரை பக்கம் போதும். நாலு பக்கம் விதியை நொந்து வந்த கடிதமெல்லாம் பரிதாபமா தான் இருக்கும் ஆனா நோட்ல எழுத அதுல இருந்து ஒரு தேதி கூட கிடைக்காது.

ரிப்போர்ட்ல இருந்து வரி போன அப்புறமும் டிஸ்சார்ஜ் ஆர்டரை தூக்கி போட்டுடாதீங்க. சில அப்ளிகேஷன்ல "எப்பவாவது திவால் ஆனதுண்டா"ன்னே கேப்பாங்க, அந்த கேள்விக்கு 7 வருஷம் 10 வருஷம்னு காலக்கெடு கிடையாது. ஒருத்தர் எல்லாம் சரியா பண்ணியிருந்தார், ஸ்கோர் நல்லா இருந்துச்சு, பழைய வரி சுத்தமா போயிருந்துச்சு, அந்த இடத்துல மட்டும் "இல்லை"ன்னு டிக் பண்ணியிருந்தார். கோர்ட் ரெக்கார்ட்ல தேடினப்போ வெளிய வந்துச்சு. ஆமான்னு போட்டிருந்தா அந்த ஸ்கோருக்கு நானே சாதகமா நோட் எழுதியிருப்பேன், தவறான தகவல்னு ஃபைலை மூடி அடுத்த டிபார்ட்மெண்டுக்கு அனுப்ப வேண்டியதா போச்சு.