மானுக்குப் பிடித்த பெல்ட்

என் இடுப்பு 36. எட்டு வருசமாக இதைத்தான் சொல்லி வருகிறேன், காற்சட்டை விற்கிறவர்களும் என் மனம் நோகாமல் 36 என்று எழுதிய ஏதோ ஒன்றுக்குள் என்னை நுழைத்து அனுப்பி வருகிறார்கள்.

போன மாதம் பழைய பெல்ட், நான் வழக்கமாக மாட்டும் ஓட்டையிலேயே கிழிந்து போனது. மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கிட்ட ஒரு கடைக்குப் போனேன். கடைத் தம்பி சைஸ் கேட்டான், முப்பத்தாறு என்றேன். என் வயிற்றை ஒரே ஒரு தரம் பார்த்துவிட்டு, "போட்டுப் பாருங்கோவன் அண்ணா" என்றான். தேவையில்லை என்றேன், ரோசம். வீட்டில் வந்து போட்டால், மூச்சை உள்ளே இழுத்தால்தான் ஊசி கடைசி ஓட்டைக்குள் போகிறது, மூச்சை விட்டால் பெல்ட் தாங்குகிறது, நான் தாங்கவில்லை.

"காற்சட்டையில எழுதினது காற்சட்டைக்கு, உங்கட வயித்துக்கில்லை" என்றாள் மனுசி.

மாற்றப் போனேன். இடைப்பட்ட சைஸ் ஒன்றும் இல்லை, இருந்தது 110 மட்டும்தான், சென்றிமீற்றரில். அதாவது 43 அங்குலம். கூடினால் என்ன, ஓட்டை போட்டால் சரி என்று வாங்கிவந்து, சுத்தியலும் நாலு அங்குல ஆணியுமாகக் குந்தியிருந்து ரெண்டு ஓட்டை போட்டேன். ஒன்று நேராக வந்தது. மற்றது ஆணியின் விருப்பம். இடுப்பில் பெல்ட் நின்றது, ஆனால் மிச்ச வால் ரெண்டு லூப்பையும் தாண்டி பக்கவாட்டில் ஆடிக்கொண்டிருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்குப் போனோம். கோயிலுக்குப் போகிற வழியில், பிரட்றிக் கோட்டை வாசல் தாண்டினால் மான்கள் நிற்கும், ஊருக்கே தெரியும், ஆட்களுக்குப் பயமே இல்லாத மான்கள். அர்ச்சனைத் தட்டில் இருந்த வாழைப்பழத்தைப் பார்த்து ஒன்று நேரே வந்தது. தட்டை உயரத் தூக்கினேன். அது பழத்தை விட்டுவிட்டு, கண்ணுக்கு நேரே ஆடிக்கொண்டிருந்த பெல்ட் வாலைக் கவ்விக்கொண்டது. நான் ஒரு அடி பின்னால் போனால் அது ஒரு அடி முன்னால் வருகிறது. ஒரு கையில் தட்டு, மற்றக் கையில் காற்சட்டை. பஸ்ஸில் வந்திறங்கிய கூட்டம் போனைத் தூக்கிவிட்டது, அதிலே ஒரு அம்மா சொல்கிறா, "தம்பி, வாயில்லா சீவன், பாவம், விட்டிடுங்கோ." நானா பிடித்துக்கொண்டு நிற்கிறேன்?

அடுத்த நாள் பஸ் நிலையத்துப் பக்கம் செருப்புத் தைக்கும் ஐயாவிடம் போனேன். கதையைக் கேட்டு வடிவாகச் சிரித்து முடித்துவிட்டு, "பழைய பெல்ட் எங்க?" என்றார். நல்ல காலம், எறியவில்லை, பையில் இருந்தது. பக்கிளில் ஊசி பூட்டியிருக்கும் இடத்திலிருந்து, கிழிந்த ஓட்டை வரை நாடாவைப் பிடித்தார். 39. புதுசு வாங்கும்போது ஐந்து ஓட்டையில் நடு ஓட்டை இந்த அளவுக்கு வரவேண்டுமாம், ஓட்டைகள் அநேகமாக அங்குலத்துக்கு ஒன்று என்பதால் கலியாண வீட்டுச் சாப்பாட்டுக்கும் கந்தசஷ்டி விரதத்துக்கும் ரெண்டு பக்கமும் இடம் இருக்குமாம். "பொதுவா காற்சட்டை சைஸோட ரெண்டைக் கூட்டினாச் சரி" என்றவர், என்னை ஒருக்கால் பார்த்து, "உங்களுக்கு மூண்டு" என்றார்.

வெட்டுவது என்றால் நுனியில் வெட்டுவார்கள் என்று நினைத்திருந்தேன். அவர் பக்கிள் பக்கத்து ஸ்குரூவைக் கழற்றி, அந்தப் பக்கத்தில் நாலு அங்குலத்தை அறுத்துவிட்டு, பக்கிளைத் திரும்பப் பூட்டித் தந்தார். நுனி, ஓட்டை எல்லாம் அப்படியே. இப்போது ஊசி நடு ஓட்டையில் சரியாக நிற்கிறது, வால் முதல் லூப்பைத் தாண்டி அடக்கமாக முடிகிறது. என் கைவேலை ரெண்டும் பக்கிளுக்கு அந்தப் பக்கம் ஒதுங்கிவிட்டது.

நுனி அப்படியே என்றால், மான் சப்பிய இடமும் அப்படியேதான். முன்னுக்கு, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி. கந்தோரில் இதுவரை மூன்று பேர் நாயா கடித்தது என்று கேட்டுவிட்டார்கள்.