கான் வெட்டிய பிறகு கூட்டெருவைப் பற்றிப் பேசலாம்

2021 இல் இலங்கையில் இரசாயன உரத்துக்குத் தடை வந்தபோது மலையகத்தில் எல்லோரும் பசளையைப் பற்றித்தான் பேசினார்கள். சரிவுக் காணியில் முதலில் பார்க்க வேண்டியது மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை. உருளைக்கிழங்குப் பாத்தியை மேலிருந்து கீழாக இழுத்துவிட்டு எத்தனை மூட்டை கூட்டெரு போட்டாலும், ஐப்பசி மழையோடு அது ஓடைக்குப் போய்விடும். அதைத் தடுப்பது சரிவுக்குக் குறுக்கே வெட்டும் கான், அதாவது வடிகால்.

கான் போகும் கோட்டுக்கு மட்டம் பார்க்கக் கருவி வாங்கத் தேவையில்லை. ஆறடிக் கம்பு இரண்டை உச்சியில் சேர்த்துக் கட்டி, நடுவே குறுக்குக் கம்பு வைத்து, உச்சியிலிருந்து கல் கட்டிய நூலைத் தொங்கவிடுங்கள். நூல் குறுக்குக் கம்பைத் தொடும் இடத்தைக் குறித்துவிட்டு, இரண்டு காலையும் இடம் மாற்றி வைத்து மறுபடி குறியுங்கள். இரண்டுக்கும் நடுப்புள்ளிதான் மட்டம். கான் ஒன்றரை அடி அகலம், அதே ஆழம். 120 அடி ஓட்டத்துக்கு ஓரடி இறக்கம் போதும். பத்துப் பன்னிரண்டு அடிக்கு ஓரிடத்தில் மண்ணை வெட்டாமல் தடுப்பாக விட வேண்டும். தடுப்பின் தலை கானின் கரையைவிட அரையடி தாழ்ந்திருக்கட்டும். உயர்ந்துவிட்டால் தண்ணீர் கீழ்க்கரையை உடைத்து, ஒரே இரவில் பள்ளம் பறித்துவிடும். தடுப்புக்குப் பின்னால் தேங்கும் வண்டல்தான் காணியிலேயே நல்ல மண். அதை அள்ளி மேல் பாத்தியில் போடுங்கள்.

கீழ்க்கரையில் மானாப்புல் அல்லது வெட்டிவேர் நெருக்கமாக இருக்க வேண்டும். தழை உரத்துக்கு எல்லோரும் சொல்லும் கிளிரிசிடியா மரம் 4000 அடிக்கு மேலே குளிரில் சோம்பி நிற்கும். அங்கே காட்டுச் சூரியகாந்தி மேல். பூக்கும் முன் வெட்டி மூடாக்குப் போட்டால் சில வாரத்தில் மக்கும், விதை விழவிட்டால் களைதான்.

நம்முடைய சிவப்பு மஞ்சள் பொட்சோலிக் மண்ணில் அமிலம் கூட. இரும்பும் அலுமினியமும் பொஸ்பரசைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அமிலத்தைக் குறைக்க மரக்கறிப் பாத்திக்குச் சதுர மீட்டருக்கு 200 கிராம் டொலமைட் சுண்ணாம்புத் தூள், நடுவதற்கு மூன்று வாரம் முந்தி. மண்ணின் அமில அளவான பி.எச். பார்க்காமல் போட வேண்டாம், அமிலம் குறையக் குறைய அது ஏறும். உருளைக்கிழங்குக்குக் கை அடக்கம் தேவை, பி.எச். ஏறினால் கிழங்கில் சொறி விழும்.

ஓடைக்கரையை மரக்கறிக்குத் தோண்டாதீர்கள், யூகலிப்டசும் நடாதீர்கள். இரண்டு பக்கமும் காட்டுமரம் நின்று கிளைகள் ஒன்றையொன்று தொட்டால் தேவாங்கு தரையிறங்காமலே கடக்கும். இலங்கை மலைகளில் மட்டுமே வாழும் மஞ்சள் காதுக் கொண்டைக்குருவியும் அங்கே வரும். கான் கரைப் புல்லுக்குள் தவளையோடு நத்தையும் சேரும் என்பதால் புல்லுக்கும் கோவாவுக்கும் (முட்டைக்கோசு) இடையில் இரண்டடி வெறும் மண் விடுங்கள்.

பெரிய தொல்லை காட்டுப்பன்றி. மண் தேறத் தேற அதன் வரவும் கூடும், கிழங்கோடு மண்புழுவையும் வண்டுப்புழுவையும் தேடித்தான் பாத்தியைக் கிளறுகிறது. பச்சைச் சாணி போட்டால் வண்டுப்புழு பெருகும், மக்கவைத்தே போடுங்கள். கம்பிக் கண்ணி வைக்கிறவர்கள் பன்றிக்குத்தான் என்பார்கள். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் அப்படி ஒரு கண்ணியில் சிக்கியது கருஞ்சிறுத்தை, சில நாளில் செத்தும் போனது. பன்றியைத் தின்னும் மிருகத்தைக் கொன்றுவிட்டுப் பன்றி கூடிவிட்டது என்று புலம்புவதில் என்ன நியாயம்? கம்பி வலையை மூன்றடி உயரத்துக்கு இழுத்து, அடியில் ஓரடியை வெளிப்பக்கமாக மடித்துக் கல் ஏற்றுங்கள். பன்றி மூக்கை நுழைப்பது வலையின் அடியில். மடிப்பின் மேல் அதுவே ஏறி நிற்பதால் தூக்க முடியாது.